வியாழக்கிழமை லைன்

ஜூன் 5, வியாழன்

சோப்புக் கம்பெனி ஜனவரியில் கொடுத்த டைரி இது. ஐந்து மாதமாகக் குடோன் மேசை டிராயரில் கிடந்தது. வீணாகப் போக வேண்டாமே என்று எடுத்து வந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

பின்னால் யாராவது எடுத்துப் படித்து இவன் யார் என்று முழிக்கக் கூடாது. அதனால் முதலிலேயே எழுதிவிடுகிறேன். பெயர் சென்னியப்பன். தாராபுரத்தில் அர்த்தனாரி ஏஜென்சியில் லைன் சேல்ஸ்மேன். சோப்பு, ஷாம்பு, பேஸ்ட், பிஸ்கட் என நான்கு கம்பெனிகளின் சரக்கை ஊர் ஊராகக் கடைகளில் சேர்ப்பது எங்கள் பிழைப்பு. நான் பைக்கில் போய் ஆர்டர் எடுப்பேன். மறுநாள் இஸ்மாயில் பாய் வேனில் சரக்கை இறக்கிவிட்டு வருவார். பத்தொன்பது வருடமாக இதே வேலை. வயது நாற்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. இதை எழுதியதும் டைரி "ஏன்?" என்று கேட்கவில்லை. மனிதர்களைவிட இந்த விஷயத்தில் காகிதம் மேல்.

வாரத்தில் ஆறு நாளுக்கு ஆறு லைன். வியாழக்கிழமை செம்மங்கரடு லைன். மின்சாரக் காற்றாடிகள் சுற்றும் காட்டுக்குள் போகும் ரோடு, இருபத்தெட்டுக் கடை. கடைசிக் கடை செம்மங்கரடு பிரிவில் வாணி ஸ்டோர்ஸ். கடைக்காரர் கோகிலவாணி. வீட்டுக்காரர் லாரி விபத்தில் போய் எட்டு வருடம் ஆகிறது. ஒரே மகள், கோயமுத்தூரில் நர்சிங் படிக்கிறாள்.

இன்றைய ஆர்டர்: ஷாம்பு இரண்டு சரம், துணி சோப்பு ஒரு டஜன், சின்ன பேஸ்ட் ஆறு. அவ்வளவுதான். போன வருடம் இதே மாதம் ஒரு பக்கம் நிறைய எழுதுவேன்.

"பிஸ்கட் வேண்டாமுங்களா?" என்று கேட்டேன்.

"ஆருக்குங்க? எல்லாரும் பஸ்ஸேறி டவுனுக்குப் போயி, அந்தப் புது சூப்பர் மார்க்கெட்டுல பத்துப் பாக்கெட்டு ஒண்ணா வாங்கியாறாங்க. நீங்க எனக்குப் போடற வெலையை விட அங்க கம்மி. நானே அங்க போயி வாங்கியாந்து இங்க வெச்சு விக்கலாமாட்ட இருக்குது."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் கணக்குச் சரி. சித்திரையில் திறந்த அந்தப் பெரிய கடைக்குக் கம்பெனியே நேராகச் சரக்கு இறக்குகிறது. நாங்கள் வாங்கும் விலைக்கு அவர்கள் விற்கிறார்கள். இதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? அலமாரியைத் துடைத்து, பழைய சரக்கை முன்னால் வைத்து, புதியதைப் பின்னால் தள்ளி, ஷாம்புச் சரங்களை உத்தரத்து ஆணியில் தொங்கவிட்டேன். ஆணி உயரம். அவருக்கு எட்டாது.

எல்லாக் கடையிலும் செய்வதுதான்.

ஜூன் 6, வெள்ளி

இஸ்மாயில் பாய் சரக்கு இறக்கிவிட்டு வந்து கேட்டார்: "ஏன்டா சென்னி, வாணி ஸ்டோர்ஸ்ல உனக்கு வேப்பமரத்து நெழல்ல நாற்காலி போடறாங்களாமே? நான் வருசக்கணக்கா வெள்ளிக்கெழம போறேன். நின்னுக்கிட்டேதான் பில்லு குடுக்கறேன். அங்க நாற்காலி இருக்கறதே எனக்குத் தெரியாது."

வெள்ளிக்கிழமை கழுவிக் காயவைத்திருப்பார்கள் என்றேன். பாய் வெகுநேரம் சிரித்தார்.

ஜூன் 7, சனி

மாலை முதலாளி அர்த்தனாரி அண்ணன் எல்லோரையும் கூப்பிட்டார். நல்ல மனிதர். கோபம் வந்தால் குரல் இறங்கும். இன்று நன்றாக இறங்கியிருந்தது.

"டவுன்ல பாதி யாவாரம் போச்சு. இனி ஓட்டை வாளியில தண்ணி எறைக்க முடியாது. வேன் போயி வர்ற டீசலுக்குக்கூட ஆர்டர் வராத லைன் எதுவோ, அதை நிறுத்திர்றேன். செம்மங்கரடு லைன்தான் கடைசியில கெடக்குது. ஆடி முடிய பாப்பேன். தேறலீன்னா அந்தக் கடைக்காரங்க போன்லயே ஆர்டர் போட்டுக்கட்டும், முடிஞ்சப்ப அனுப்பலாம்."

எனக்கென்ன வந்தது? வாரத்தில் ஒரு நாள் அலைச்சல் மிச்சம். அந்த ரோட்டில் பைக் ஓட்டி இடுப்பு போய்விட்டது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்.

சாப்பாடு இறங்கவில்லை. மெஸ்ஸில் சாம்பார் புளித்திருந்தது.

ஜூன் 12, வியாழன்

வாணி ஸ்டோர்ஸ் ஆர்டர்: ஷாம்பு இரண்டு சரம், துணி சோப்பு ஒரு டஜன்.

வாணி ஸ்டோர்ஸ் பில்: ஷாம்பு ஐம்பது சரம், துணி சோப்பு முப்பது டஜன், பிஸ்கட் பன்னிரண்டு பெட்டி.

எப்படி என்று எழுதிவிடுகிறேன். கிராமத்துக் கடைகளுக்கு மட்டும் இப்போது ஒரு ஸ்கீம் ஓடுகிறது, டஜனுக்கு இரண்டு இலவசம். டவுனில் மொத்த வியாபாரம் செய்யும் மண்டிக்காரருக்கு அது கிடையாது. அவருக்கோ அது வேண்டும். கிராமத்துக் கடையின் பெயரில் பில்லைப் போட்டு, சரக்கை மண்டியில் இறக்கிவிட்டால் அவர் கையோடு பணம் கொடுத்துவிடுவார். கடையில் உண்மையாகக் கேட்டதற்குத் தனியாக ஒரு சின்ன பில். மாதக் கடைசியில் இதைச் செய்யாத லைன் சேல்ஸ்மேன் தமிழ்நாட்டில் இருந்தால் எனக்குக் காட்டுங்கள். நான் இத்தனை வருடம் செய்ததில்லை.

பில் போட்டதும் கடைக்காரரின் போனுக்கு வாட்ஸப்பில் ஒரு தகவல் போகும். வாணி ஸ்டோர்ஸில் இருப்பது பட்டன் போன் என்பதால் இரண்டு வருடத்துக்கு முன்பே அந்தக் கடைக்கு என் நம்பரைக் கொடுத்திருந்தேன். ஆக, "அன்புள்ள வாணி ஸ்டோர்ஸ், உங்கள் ஆர்டருக்கு நன்றி" என்று எனக்கே வந்தது. அழிக்கவில்லை.

யாருக்கும் நஷ்டமில்லை. மண்டிக்காரருக்குச் சரக்கு, முதலாளிக்கு விற்பனை, லைனுக்கு ஆயுசு.

ஜூன் 13, வெள்ளி

பாய் முணுமுணுத்துக்கொண்டேதான் மண்டியில் பெட்டிகளை இறக்கினார். "செம்மங்கரட்டுல மனுசங்க சோப்பைத் திங்க ஆரம்பிச்சுட்டாங்களா?" என்றார். ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். டீயைக் குடித்துவிட்டு, "உனக்கு இன்னும் நாலு டீ செலவிருக்குது" என்றார்.

வாணி ஸ்டோர்ஸின் பெரிய பில்லில் ஒரு காப்பியைக் காணவில்லை. வேனில் எங்காவது பறந்திருக்கும். காற்று ஆரம்பித்துவிட்டது.

ஜூன் 19, வியாழன்

ஆர்டர்: சரம் ஒன்று, சோப்பு அரை டஜன். பில்: போன வாரத்தைவிடக் கொஞ்சம் கூட.

ஒரு விஷயம் கவனித்தேன். நான் இருக்கும்போது அப்பளக் கம்பெனிக்காரர் வந்தார். "அண்ணா, அடுத்த வாரம் பாக்கலாமுங்ணா" என்று கோகிலவாணி அவரை அனுப்பினார். தண்ணீர்க் கேன் போடுகிறவரும் அண்ணாதான். இஸ்மாயில் பாயும் அண்ணா. எங்கள் பக்கத்தில் ஒருவர் பெயர் தெரியாவிட்டாலும் அண்ணா என்று கூப்பிடுவது வழக்கம். என்னை மட்டும் "ஏனுங்க" என்பதோடு சரி.

எட்டு வருடத்தில் ஒரு தடவைகூட அண்ணா என்று சொன்னதாக ஞாபகமில்லை. பெயரும் மறந்திருக்கும். மறந்துவிட்டு எப்படிக் கேட்பது என்று சங்கடப்படுகிறாரோ என்னவோ.

ஜூன் 28, சனி

செம்மங்கரடு லைன் ஏறிவிட்டது என்று முதலாளி முதுகில் தட்டினார். கிராமத்துக் கடைகளில் முதலிடம் வாணி ஸ்டோர்ஸ். கம்பெனி அந்தக் கடைக்குச் சுவர்க் கடிகாரம் ஒன்று பரிசு அனுப்பியிருக்கிறது. என் கையில் கொடுத்தார்கள்.

புதுச் சட்டை ஒன்று எடுத்தேன். பழையது காலரில் நைந்துவிட்டது.

ஜூலை 3, வியாழன்

கடிகாரத்தைப் பார்த்ததும், "நான் எடுக்கற நாலு சரத்துக்கா கம்பெனிக்காரன் கடிகாரம் தர்றான்?" என்று கேட்டார்.

"எல்லாக் கடைக்கும் தர்றாங்க."

"பக்கத்துப் பால் கடைக்கு?"

"அடுத்த வாரம் வரும்."

என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு ஆணியும் சுத்தியலும் எடுத்துக் கொடுத்தார். எங்கே மாட்ட என்றேன். நாற்காலியில் உட்கார்ந்தால் தெரிகிற மாதிரி, கல்லாவுக்குப் பின்சுவரைக் காட்டினார். மாட்டியபோது மணி பன்னிரண்டே கால். நான் வழக்கமாக வரும் நேரம்.

மகள் போன் பண்ணினாளாம், கடையை மூடிவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொல்கிறாளாம். "மூடீட்டு அங்க போயி என்ன பண்றது? அவ டூட்டிக்குப் போயிட்டா நாலு செவுத்தைப் பாத்துட்டு ஒக்காந்திருக்கோணும். இங்கன்னா வியாழக்கெழம ஒண்ணாச்சும் கடைக்கு ஆரோ வர்றாங்கன்னு இருக்குது" என்றார்.

ஆரோ என்றால் யார் வேண்டுமானாலும் இருக்கலாம். வியாழக்கிழமை அந்தப் பக்கம் சந்தை உண்டு.

ஜூலை 4, வெள்ளி

விசாரித்தேன். அந்தப் பக்கம் சந்தை செவ்வாய்க்கிழமை.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. செம்மங்கரட்டில் காற்று ஆளைத் தள்ளுகிறது. காற்றாடிகள் எல்லாம் வெறிகொண்டு சுற்றுகின்றன. கடை வாசலில் தகரக் கூரை ஒரு பக்கம் பிய்ந்து அடித்துக்கொண்டிருந்தது. நான் ஸ்டூலில் ஏறித் தகரத்தை அமுக்கிப் பிடிக்க, அவர் கீழேயிருந்து கம்பி கொடுத்தார். முறுக்கி முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. கை தொடவில்லை. கம்பியின் இரண்டு முனையையும் ஆளுக்கொன்று பிடித்திருந்தோம், அவ்வளவுதான். அவ்வளவுக்கே வீட்டுக்கு வரும்வரை எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

இறங்கியதும் மோர் கொடுத்தார். "ஏனுங்க, கேட்டாத் தப்பா நெனைக்க மாட்டீங்களே. நீங்க ஏன் கண்ணாலம் பண்ணிக்கலீங்க?"

எல்லோருக்கும் சொல்லும் பதிலைச் சொன்னேன்: முப்பது வயதில் பொண்ணு கிடைக்கவில்லை, நாற்பதில் பார்க்க ஆள் இல்லை, இப்போது பார்க்கவே தெம்பு இல்லை. எல்லோரும் சிரிப்பார்கள். அவர் சிரிக்கவில்லை. டம்ளரை வாங்கிக் கழுவப் போனார்.

கேட்டுவிட வேண்டும். இப்போது இல்லை, தீபாவளிக்கு முன்னால். தீபாவளிச் சரக்கு ஆர்டர் எடுக்கும்போது பேச்சோடு பேச்சாகக் கேட்கலாம். என்ன கேட்பது என்று இங்கே எழுதிப் பார்த்தேன். எழுதியதை அடித்துவிட்டேன். எனக்கு அவர் வேண்டும். இதை அடிக்கவில்லை.

ஜூலை 26, சனி

முதலாளி தனியாகக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"சென்னி, பெரிய கடைக்காரனோட டவுன்ல மல்லுக்கட்ட நம்மால ஆகாது. அவன் இன்னும் போகாத எடத்துக்கு நாம மொதல்ல போயிரோணும். சின்ன மார்ட் ஒண்ணு போடறேன். ஏசி வேண்டாம், கூடையை எடுத்து அவங்களே பொறுக்கிக்கற மாதிரி. நம்ம வெலைக்கே விக்கலாம். எந்த ஊருல போடலாம்னு ரெண்டு நாளா நம்ம பில்லையே பாத்துட்டு இருந்தேன்."

கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். ஊர்வாரியாக விற்பனை. எல்லா ஊரும் இறங்கியிருக்க, ஒரே ஒரு ஊர் மட்டும் இரண்டு மாதத்தில் பத்து மடங்கு ஏறியிருந்தது.

"செம்மங்கரடு பிரிவு. ஒத்தைக் கடையில இவ்வளவு ஓடுதுன்னா அந்த ஊருல பணம் இருக்குதுன்னுதான அர்த்தம்? வாணி ஸ்டோர்சுக்கு எதுத்தாப்ல பழைய பஞ்சு குடோன் இருக்குதல்ல, நேத்து அட்வான்ஸ் குடுத்துட்டேன். ஆவணி பொறந்ததும் தெறப்பு. நீதான் அங்க மேனேஜர். அந்த ஊரு உனக்கு அத்துபடி."

நான் போட்ட ஒவ்வொரு பில்லும் அந்தத் திரையில் வரிசையாக நின்றது. முதலாளி என் சம்பளத்தைக் கூட்டுவதாகச் சொன்னார். "சரிங்ணா" என்றேன்.

சரிங்ணா என்றேன். எழுதினால்தான் நம்ப முடிகிறது.

ஜூலை 27, ஞாயிறு

தினமும் பார்க்கலாம்.

நேற்றிலிருந்து முதலில் தோன்றியது இதுதான். அவர் கடை என்ன ஆகும் என்பது இரண்டாவதாகத்தான் தோன்றியது. இப்படிப்பட்ட ஆள்தான் நான். பின்னால் நல்லவன் மாதிரி எதையாவது எழுதினால் இந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஜூலை 31, வியாழன்

ஊரில் அதற்குள் பேச்சு பரவிவிட்டது. எதிரே குடோனில் இரண்டு பேர் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் அது நேராகத் தெரிகிறது. திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன்.

"பெரிய கடை வருதாமா. ஆருதுன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியிலீங்க."

"நான் எட்டு வருசமா இங்க ஒக்காந்திருக்கறேன். எனக்குத் தெரியாம இந்த ஊருல என்ன யாவாரம் நடக்குதுன்னு இங்க கொண்டாந்து கடை வெக்கறாங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தார். நான் சரங்களை ஒழுங்குபடுத்தினேன். ஒழுங்காகத்தான் இருந்தன.

ஆர்டர் சொல்லும்போது, "எல்லாம் பாதி பாதி போட்டுக்குங்க. எத்தனை நாளைக்குன்னு தெரியில" என்றார். அழவில்லை. குரலில்கூட ஒன்றும் இல்லை. நான்தான் திரும்பும் வழியில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினேன். கண்ணில் தூசி. காற்றென்றால் அப்படிக் காற்று.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. அமராவதி ஆற்றில் கூட்டம். எல்லோரும் குடும்பத்தோடு வந்து தூக்குப் போசியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பாலத்தின் மேல் நின்று கொஞ்சநேரம் பார்த்தேன். ஒரு அம்மா வீட்டுக்காரரின் தட்டில் தயிர்சாதத்தை வைத்துவிட்டு, போதுமா என்றுகூடக் கேட்காமல் இன்னொரு கரண்டி வைத்தார். எனக்கு அது போதும், ஒரு கரண்டி. இந்த வயதில் பெரிதாக என்ன கேட்டுவிடப் போகிறேன்?

ஆகஸ்ட் 7, வியாழன்

எதிரே குடோனில் இரும்பு ராக்குகள் வந்து இறங்கிவிட்டன. வாணி ஸ்டோர்ஸில் அலமாரி பாதி காலி. மேல் தட்டில் சாமான் இல்லாததால் தாள் விரித்துக் காலி டப்பாக்களை அடுக்கியிருந்தார், நிறைந்த மாதிரி தெரிய. என்னிடம் மறைக்க நினைத்திருப்பார். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துத் துடைப்பது என் வேலை என்பதை மறந்துவிட்டார். தூக்கியதும் கனமில்லை. நானும் ஒன்றும் சொல்லாமல் துடைத்து, அப்படியே வைத்தேன்.

ஆர்டர் இல்லை. "ஆடி போகட்டும், பாக்கலாமுங்க" என்றார்.

இன்று பில்லும் போடவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

சொல்லிவிட்டேன்.

காலையில் முதலாளி சாமி படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார். முடிக்கட்டும் என்று நின்றேன். "செம்மங்கரட்டுல அவ்வளவு யாவாரம் கெடையாதுங்ணா. நான்தான் பில்லு போட்டேன். சரக்கெல்லாம் மண்டிக்குப் போச்சு" என்றேன். பூக்கூடையைக் கீழே வைத்தார்.

ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். பிறகு குரல் இறங்கியது. "பத்தொம்பது வருசத்துல நீ ஒரு பில்லு தப்பாப் போட்டதில்லைன்னு முந்தாநாளுதான் கம்பெனிக்காரன்கிட்டச் சொன்னேன். எதுக்குடா? மண்டிக்காரன் உனக்கு எதாச்சும் குடுத்தானா?"

"இல்லீங்ணா."

"பின்ன?"

"லைன் நின்னுருமேன்னு."

"நின்னா உனக்கென்ன? உனக்கு அலைச்சல் மிச்சந்தான?"

இஸ்மாயில் பாய் வாசலில் பெட்டி எண்ணுவதுபோல நின்று, ஒரே பெட்டியை நான்கு தடவை எண்ணினார்.

முடிவு இது. மார்ட் செம்மங்கரட்டில் இல்லை, ராக்குகளை பைபாஸ் பக்கம் கொண்டுபோகிறார். பஞ்சு குடோன்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தரமாட்டார் என்றால் என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன், பேசாமல் போடா என்றார். லைன் வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார். இனி குடோனில் டேமேஜ் சரக்கு பிரிக்க வேண்டும். "அந்த லைனுக்கு வர்ற வியாழன் ஒருக்காப் போயி, கடைக்காரங்ககிட்டச் சொல்லீட்டு வந்துரு. அதோட முடிஞ்சுது."

எந்த வியாழனுக்காகப் பொய் பில் போட்டேனோ, அது போய்விட்டது. கடை தப்பித்தது. நியாயம்தான். நியாயம் என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். ஆறவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

இருபத்தேழு கடையில் சொன்னேன். எல்லோரும் ஐயோ என்றார்கள். ஒருவர் டீ வாங்கிக் கொடுத்தார்.

இருபத்தெட்டாவது கடையில் நாற்காலி இருந்தது. உட்காராமலே சொன்னேன், அடுத்த வாரத்திலிருந்து லைன் இல்லை, வேண்டியதைப் போனில் சொன்னால் பாய் முடிந்தபோது கொண்டுவருவார் என்று. ஏன் என்று கேட்பார், என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். கேட்கவில்லை.

"எதுத்தாப்ல கடை வர்லையாமா. ராக்கெல்லாம் திருப்பி ஏத்தீட்டுப் போயிட்டாங்க."

"அப்படீங்களா?"

"ஆமாங்க."

ஆர்டர் சொன்னார். ஷாம்பு ஒரு சரம், சோப்பு அரை டஜன். எழுதினேன். அலமாரியைத் துடைத்தேன். ஆணியில் சரத்தை மாட்டும்போது இனி யார் மாட்டுவார்கள் என்று யோசித்தேன். ஆணியைப் பிடுங்கி, அவருக்கு எட்டும்படி ஒரு சாண் கீழே சுவரில் அடித்துவிட்டு வந்தேன்.

தீபாவளிக்குக் கேட்க நினைத்ததைக் கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கேட்பது?

ஆகஸ்ட் 21, வியாழன்

நசுங்கிய பிஸ்கட் ஆறு பெட்டி. உடைந்த சோப்பு நாற்பத்தொன்று. தேதி முடிந்த பேஸ்ட் ஒரு பெட்டி. குடோனில் ஜன்னல் இல்லை, அதனால் போனில் மணி பார்த்தேன். பன்னிரண்டே கால்.

பிறகு பன்னிரண்டு பதினேழு. பன்னிரண்டு இருபது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

முதலாளி வீட்டுக்கே போனேன். ஞாயிற்றுக்கிழமை குடோனில் நான் வேலை பார்க்கிறேன், எனக்கு வாரலீவை வியாழக்கிழமை கொடுங்கள் என்றேன்.

"வியாழக்கெழம என்னடா?" என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்தினார். என் முகத்தையே பார்த்தார். எங்கே எந்தச் சரக்கு ஓடும் என்று முப்பது வருடமாக மோப்பம் பிடிக்கிற மனிதருக்கு இது விளங்க இரண்டரை மாதம் ஆகியிருக்கிறது.

"அட கெரகமே" என்றார். பிறகு, "எடுத்துக்கோ."

ஆகஸ்ட் 28, வியாழன்

பைக் ஏஜென்சியுடையது. அதனால் பஸ்ஸில் போனேன். நேற்று சதுர்த்தி. வழியில் ஒவ்வொரு ஊர் முக்கிலும் பந்தல் போட்டுப் பிள்ளையார் உட்கார்ந்திருந்தார். கையில் பையில்லாமல் அந்த ரோட்டில் போவது இதுதான் முதல் தடவை. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பிரிவில் இறங்கியபோது மணி பன்னிரண்டு பத்து. வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டிருந்தது. போன வாரமே லைன் நின்றுவிட்டது அவருக்குத் தெரியும். நான் வருவதாகச் சொல்லவில்லை. ஆனாலும் போட்டிருந்தது. நடந்து பக்கத்தில் போய் அதைத் தொட்டுப் பார்த்தேன். துடைத்திருந்தார்.

உள்ளேயிருந்து வந்தவர் என் கையைப் பார்த்தார். "லைன் இல்லீங்களே?"

"கடைக்கு வந்தனுங்க. ஒரு துணி சோப்பு வேணும்."

சோப்பு கொடுத்தார். காசு வாங்கிக் கல்லாவில் போட்டார். நான் உண்மையைச் சொல்லிவிடத்தான் போயிருந்தேன். "எதுத்தாப்ல கடை வரப் பாத்தது என்னாலதானுங்க" என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். பில் குத்தும் கம்பியை எடுத்து, மேலேயிருந்த காகிதங்களை ஒவ்வொன்றாக உருவி வைத்துவிட்டு, அடியில் மஞ்சளாகிக் கிடந்த ஒன்றைக் கல்லாவின் மேல் விரித்தார்.

ஜூன் மாதத்துப் பில். வாணி ஸ்டோர்ஸ், செம்மங்கரடு பிரிவு. துணி சோப்பு முப்பது டஜன்.

"பாய் அண்ணா மாத்திக் குடுத்துட்டுப் போயிட்டாரு" என்றார்.

"அன்னைக்கே பாத்துட்டீங்களா?"

"முப்பது டஜன் சோப்பை ஆரு தொவைக்கறதுன்னு ரெண்டு நாளு யோசிச்சேன். அப்பறம் லைனை நிறுத்தப் போறாங்கன்னு பால் கடைக்காரரு சொன்னாரு. அப்பத்தான் வெளங்குச்சு."

"கேக்கவே இல்லீங்களே."

"கேட்டிருந்தா நீங்க நிறுத்தியிருப்பீங்க." பில்லை நீவிவிட்டார். "நீங்க நிறுத்தியிருந்தா லைன் நின்னிருக்கும். எதுத்தாப்ல சுண்ணாம்பு அடிக்கறப்பவே இந்தப் பில்லு பண்ணுன வேலைதான்னு தெரிஞ்சுது. அப்பவும் கேக்கோணும்னு தோணல. வியாழக்கெழமைக்கு இன்னும் எத்தனை நாளு இருக்குதுன்னுதான் எண்ணீட்டு இருந்தேன்."

நான் வெளியே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். எதிரே பஞ்சு குடோன் பூட்டிக் கிடந்தது, பாதிச் சுவர் வெள்ளையாக. கடை போய்விடும் என்று தெரிந்தும் அவர் பேசாமல் இருந்திருக்கிறார். நானும் கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருந்திருக்கிறேன். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கடையையே தொலைத்திருப்போம்.

கோடு போட்ட நோட்டு ஒன்றையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்து, மரத்தில் சாய்ந்து நின்றார். நான் அவர் கடையில் நிற்பேனே, அதே மாதிரி. முதல் பக்கத்தில் மேலே என் பெயரை எழுதினார். கேட்காமலே முழுப் பெயரையும் எழுதினார். பின்னால் அண்ணா இல்லை.

"அடுத்த வியாழனுக்கு என்ன வேணும், சொல்லுங்க."

எனக்குத் தேவை என்று ஒன்றும் இல்லை. மெஸ்ஸில் சாப்பிடுகிறவனுக்கு என்ன வேண்டியிருக்கிறது? இருந்தாலும் அலமாரியைப் பார்த்து, பருப்பு, சீரகம், எண்ணெய், ஊதுபத்தி, காபித்தூள் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவர் எழுதவில்லை.

"எல்லாத்தையும் ஒரே வாரத்துல வாங்கீட்டா அதுக்கடுத்த வாரம் என்ன பண்ணுவீங்க?"

"அப்ப ஒரு தீப்பெட்டி" என்றேன்.

தீப்பெட்டி ஒன்று என்று எழுதினார். அடியில் கோடு போட்டார். நான் ஆர்டர் புத்தகத்தில் செய்வது போலவே, பக்கத்தின் ஓரத்தில் தேதியைக் குறித்து, சரியா என்று என்னிடம் காட்டினார். செப்டம்பர் 4, வியாழன்.